வயிற்றுவலி மாத்திரைக்கு முன் ஒரு கேள்வி

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களுக்குச் செவிலியராகப் போகிறேன். யாராவது வயிறு சரியில்லை என்றால், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பதற்கு முன் வீட்டிலுள்ள மாத்திரைப் பையை எடுத்துவரச் சொல்வேன்.

மனநலச் சிகிச்சையில் இருந்த ஓர் இளைஞர். "வெளிக்குப் போயி நாலு நாளாச்சு சிஸ்டர், வயிறு கல்லு மாதிரி இருக்கு" என்றார் அவருடைய அம்மா. பையில் மனநல மாத்திரையான ரிஸ்பெரிடோன் இருந்தது. அது தரும் கை நடுக்கமும் உடம்பு விறைப்பும் வராமலிருக்க ட்ரைஹெக்ஸிஃபெனிடில். அடியில், வலிக்கென்று கடையில் வாங்கிய டைசைக்ளோமின். குடலை அசையவைக்கும் முக்கியமான நரம்புக்கடத்தி அசிட்டைல்கோலின். ட்ரைஹெக்ஸிஃபெனிடில் அதன் வேலையைத் தடுக்கும்; டைசைக்ளோமினும் அதையேதான் செய்யும். இரண்டும் சேர்ந்ததில் குடல் மந்தமாகிவிட்டது. நாக்கைப் பார்த்தேன், உமிழ்நீரே இல்லை. அதுவும் இதே மருந்துகளின் அடையாளம். சாமைச் சோறும் கீரையும் நல்லதுதான், ஆனால் இந்த மலச்சிக்கலுக்கு அவை மட்டும் போதாது. டாக்டரிடம் அனுப்பினேன், டைசைக்ளோமினை நிறுத்தி, மலம் இளக்கும் மருந்து கொடுத்தார். மனநல மாத்திரையை மட்டும் நாமாக நிறுத்தவே கூடாது. வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றும் பிரியவில்லை என்றால் ஒரு இரவுகூடக் காத்திருக்காதீர்கள்.

நேர்மாறாகவும் நடக்கும். உடலின் செரோட்டோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது. அதனால், செரோட்டோனினின் வேலையைக் கூட்டும் மனச்சோர்வு மாத்திரைகளான ஃப்ளூவாக்ஸெட்டின், செர்ட்ராலின் தொடங்கிய முதல் வாரங்களில் சிலருக்குக் குமட்டலும் பேதியும் வரும். பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும்.

பேதி என்றதும் லோபரமைடு கேட்கிறார்கள். அது குடலின் ஓபியாய்டு ஏற்பிகளில் ஒட்டி அசைவைக் குறைக்கும், அவ்வளவுதான். கிருமியை ஒன்றும் செய்யாது. மலத்தில் ரத்தம் வந்தாலோ காய்ச்சல் இருந்தாலோ வேண்டாம். சின்னக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலும், 14 நாள் துத்தநாக மாத்திரையும்தான் மருந்து.

வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடு போட்டபின் இளம்பிள்ளைகளுக்குக் கழுத்து ஒரு பக்கம் இழுத்து, கண் மேலே சொருகலாம். வலிப்பு என்று வீட்டில் பதறுவார்கள். மூளையில் டோபமைனை அது தடுப்பதால் வருவது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டால் சீக்கிரம் சரியாகும். என்ன மருந்து கொடுத்தீர்கள் என்பதை அங்கே சொல்ல வேண்டும்.

இங்கேதான் எனக்கு ஆதங்கம். கடையில் அட்டையை வெட்டி இரண்டு மாத்திரை தரும்போது பெயர் இருக்கும் பகுதி கடையிலேயே தங்கிவிடுகிறது. பெயர் தெரிகிற மாதிரி வெட்டித் தரக் கேளுங்கள். இல்லையென்றால் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வாங்குங்கள். ஆஸ்பத்திரிக்காகப் போளூருக்கோ திருவண்ணாமலைக்கோ இறங்கும்போது அந்தக் காகிதமும் பையும் கையில் இருக்கட்டும்.