கரியும் அதன் அயல்மொழி உறவினரும்

'சார்கோல்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் எழுதுக என்று கேட்டால், 'கரி' என்று சிலரும் 'கறி' என்று சிலரும் எழுதக் காண்கிறோம். இடையின ரகரம் இட்டால் அது அடுப்பின் உள்ளே இருப்பது; வல்லின றகரம் இட்டால் அடுப்பின் மேலே, சட்டியில் இருப்பது. பழந்தமிழில் 'கறி' என்பது மிளகையும் குறித்தது. இன்று ஈழத்தார் மரக்கறி, மீன்கறி எனப் பலவற்றையும் கறி என்பர். தமிழ்நாட்டில் பலருக்குக் கறி என்றால் இறைச்சி. ஆங்கிலேயர் நம்மிடமிருந்து வாங்கிக்கொண்டதும் இந்தக் கறியையே. நாம் இங்கு ஆராயப் புகுவது மற்றைய கரியை.

கருமை, கார், கருகல் ஆகியவற்றோடு ஒரு குடும்பமாய் நிற்பது கரி. விறகு காற்றோட்டமாக எரிந்தால் முடிவில் சாம்பலே மிஞ்சும். விறகை அடுக்கி, மண்ணால் மூடி, சிறிதளவே காற்றுப் புகவிட்டுப் பல நாள் புகையவிட்டால் நீரும் ஆவிப்பொருள்களும் நீங்கிக் கரி எஞ்சும். இதற்குக் கரிமூட்டம் என்று பெயர். இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளில் சீமைக்கருவேல மரத்தைக் கொண்டு இத்தொழில் நடைபெற்று வருகிறது. தேங்காய்ச் சிரட்டையிலிருந்து கிடைப்பது சிரட்டைக்கரி. தமிழ்நாட்டார் சிரட்டையைக் கொட்டாங்கச்சி என்பர். நெல்லின் உமியிலிருந்து கிடைப்பது உமிக்கரி. நம் பாட்டன்மார் பல் துலக்கியது அதனாலேதான்.

இலக்கியத்தில் வேறு கரிகளும் உண்டு. வடமொழி வழியே வந்த 'கரி' யானையைக் குறிக்கும். இன்னொரு 'கரி' சாட்சி என்னும் பொருளது. திருக்குறளின் 25ஆம் குறளில் இந்திரன் கரியாகக் கூறப்படுவது இப்பொருளில்தான். அங்கே அடுப்புக்கரி என்று பொருள் கொண்டால் இந்திரன் பாடு திண்டாட்டமாகிவிடும்.

இனி ஆங்கிலத்துக்கு வருவோம். இன்று 'கோல்' என்றால் நிலக்கரி, 'சார்கோல்' என்றால் மரக்கரி என்று படிக்கிறோம். ஆனால் பழைய ஆங்கிலத்தில் கோல் என்பது தணலையும் மரக்கரியையும் குறித்த சொல். 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் இச்சொல்லைக் கண்டால் சுரங்கத்தை நினைத்தல் கூடாது. தணலையே நினைத்தல் வேண்டும். நிலத்திலிருந்து எடுத்த கரி இலண்டனுக்கு வந்தபோது அதற்குக் 'கடற்கரி' என்று அடைமொழி சேர்த்து அழைத்தனர். கப்பலில் வந்ததால் அப்பெயர் என்பர். கடற்கரையில் ஒதுங்கியதால் என்பாரும் உளர். நிலக்கரியின் புழக்கம் மிகுந்ததும் நிலை தலைகீழானது. வந்த பொருள் வெறும் 'கோல்' என்னும் பெயரைத் தனதாக்கிக்கொள்ள, வீட்டுக்குரிய மரக்கரி அடைமொழியுடன் நிற்கவேண்டியதாயிற்று. உங்கள் பள்ளியில் 'கொலியர்' என்னும் குடும்பப்பெயர் உடைய தோழர் இருக்கக்கூடும். அச்சொல் முதலில் கரிமூட்டம் போடுபவரையும் கரி விற்பவரையும், பின்னரே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியையும் குறித்தது.

'கார்பன்' இலத்தீன் சொல்லின் வழித்தோன்றல். 1787இல் லவாய்சியரும் அவர்தம் தோழர்களும் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட வேதியியற் பெயரீட்டு நூல், தனிமத்தைச் சாதாரணக் கரியினின்று பிரித்துக்காட்ட இப்பெயரை வழங்கியது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் கரியமில வாயு என்றதை இலங்கைப் பாடநூல்கள் காபனீரொட்சைட்டு என்றன. தாயும் தந்தையும் வெவ்வேறு நாட்டில் பயின்றிருந்தால், பிள்ளைக்கு வீட்டிலேயே இரண்டு சொற்களும் கிடைக்கும், இது நட்டமன்று.

உருது மொழியில் பொதுச்சொல் 'கோய்லா'. தேவைப்படும்போது மரக்கரியை 'லக்டீ கா கோய்லா', அதாவது விறகின் கரி என்றும், நிலக்கரியைப் 'பத்தர் கா கோய்லா', அதாவது கல்லின் கரி என்றும் பிரிப்பர். இங்கே உருதும் தமிழும் ஒரே வழியிற் செல்கின்றன. இருமொழியும் பொதுச்சொல்லைக் காத்து, இரு பொருளுக்கும் அடைமொழி தந்துள்ளன. உருது பேசும் வீடுகளில், எரியும் கரித்துண்டு ஒன்றைச் சிறு கிண்ணத்தில் இட்டுச் சமைத்த பாத்திரத்தினுள் வைத்து, நெய் சொட்டி மூடிப் புகைமணம் ஏற்றுவதுண்டு. உங்கள் பாகிஸ்தானியத் தோழர்களைக் கேட்டால் அதன் சுவையை விரிவாகச் சொல்வர். கனலும் கரித்துண்டு அவர்களுக்கு 'அங்காரா'. வடமொழி அங்காரத்தோடு உறவுடைய இச்சொல் நமக்கும் அயலன்று. தணல்போற் சிவந்த செவ்வாயை நாம் அங்காரகன் என்கிறோம். தணல் இடும் கணப்புச்சட்டி அவர்கள் மொழியில் 'அங்கீட்டி'.

மரபுத்தொடர்களில்தான் மொழிகள் தத்தம் ஊரைக் காட்டுகின்றன. நிலக்கரி ஏற்றுமதிக்குப் பேர்போன நியூகாசிலுக்கே கரி கொண்டுபோவது என்று ஆங்கிலேயர் வீண்வேலையைக் குறிப்பர். உருது, இந்தி பேசுவோர் பரேலிக்கே மூங்கிலைத் திருப்பி அனுப்புவது என்பர். நாம் கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்போம். இவற்றுள் ஒன்றைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் பிறமொழியார்க்கு விளங்காது. கரித்தரகு செய்தால் முகம் கறுக்கும் என்னும் பொருளுடைய உருதுப் பழமொழியோ நமக்கு உடனே விளங்குகிறது. முகத்தில் கரி பூசுவதை நாமும் அறிவோம் அல்லவா?

பெற்றோர்க்கு ஒரு சொல். கொள்ளி, கங்கு, தணல், கனல், நீறு என்று நெருப்பின் படிநிலைகளுக்குத் தனித்தனிப் பெயர் வைத்த மொழி நம்முடையது. மின்னடுப்பையே கண்டு வளரும் பிள்ளைகள் இவை அனைத்தையும் 'நெருப்பு' என்ற ஒன்றில் அடக்கிவிடுகின்றனர். அகராதியைக் காட்டி இதனைத் திருத்த இயலாது என்பது எம் எண்ணம். கோடைகாலத்தில் தோட்டத்தில் கரியடுப்பு மூட்டும் நாளே இதற்கு ஏற்ற வகுப்பு. சுடர் அடங்கிச் செந்நிறமாய் ஒளிர்வது தணல். அதன்மேல் வெண்சாம்பல் படிந்தால் அது நீறுபூத்த நெருப்பு. ஒருமுறை கண்ணாற் கண்டு பெயர் சொன்ன பிள்ளை எளிதில் மறவாது.

அவ்வடுப்பைத் தோட்டத்திலேயே வைத்திருங்கள். மரக்கரியிற் புகை குறைவு என்பதால் தீங்கில்லை என எண்ணிக் குளிர்காலத்தில் அதனை அறைக்குள் கொண்டுவருவோர் உளர். கரி எரியும்போது தோன்றும் கார்பன் மோனாக்சைடு, இலங்கை வழக்கிற் காபனோரொட்சைட்டு, நிறமும் மணமும் அற்றது. உறங்குவோரை எழுப்பாமலே கொல்லவல்லது. அணைந்ததுபோல் தோன்றும் நீறுபூத்த கரியும் அவ்வாயுவை வெளியிட்டுக்கொண்டே இருக்கும்.