திருக்கோணமலைப் பாறையும் ஆயத்தச் சித்திரமும்

சைவப் பாடசாலைகளிலே திருத்தலமொன்றை வரைவிக்கப் புகும் உபாத்தியாயர்கள் கோபுரத்தையே முதற்கண் எடுத்துக்கொள்வது வழக்கம். திருக்கோணமலைக்கு அம்முறை போதாது. 1622 ஆம் ஆண்டிலே போர்த்துக்கீசர் அங்கிருந்த ஆலயத்தை இடித்தனர். புதிய ஆலயத்துக்குக் கும்பாபிஷேகம் நிகழ்ந்தது 1963 ஆம் ஆண்டில். இடைப்பட்ட நெடுங்காலத்தில், அன்பர்கள் அம்மலையிலே நின்று பூவும் தேங்காயும் கடலிலிட்டு வழிபட்டு வந்தனர். ஆதலின் அப்பாறை ஆலயத்தைத் தாங்கும் நிலம் மாத்திரமன்று; ஆலயமில்லாத காலத்தில் வழிபாட்டைத் தாங்கியதும் அதுவே. அதனை உள்ளவாறு வரையக் கற்பித்தல் நம் கடமையாம்.

இதற்கு ஆயத்தச் சித்திரம் வேண்டும். அஃதாவது, முடிந்த படத்தை வர்ணிக்குமுன் உருவம், ஒளி, நிறம் என்பவற்றை ஆராய்ந்து சிறிய கடுதாசியில் எழுதும் படம். அதன் முறை வருமாறு:

முதலாவது, இடம். மலையுச்சியின் விளிம்பில் மாணாக்கரை நிறுத்தலாகாது. தெற்கேயுள்ள டச்சுக்குடாக் கரையிலிருந்து நோக்கின் பாறை கடலுள் நீண்டு நிற்றல் நன்கு புலப்படும்.

இரண்டாவது, உருவம். வானத்தோடு பாறை பொருந்தும் கோட்டை மாத்திரம் பென்சிலால் மெல்லென வரைவிக்க. வெடிப்புகளும் செடிகளும் பின்னர் வரட்டும்.

மூன்றாவது, ஒளி. கடலை நோக்கிய முகத்திற் காலை வெயில் படும். பிற்பகலில் அது நிழலுறும். ஆகவே இரு பொழுதிலும் இரு படம் எழுதுவிக்க. கண்ணைச் சிறிது சுருக்கி நோக்கின் ஒளியும் நிழலும் வேறுபிரியும்.

நான்காவது, நிறம். பாறை கரியதென்று கேட்டறிந்தவன் கருமையையே பூசுவான். உற்று நோக்குபவன் சாம்பலும் செம்மையும் பசுமையுங் காண்பான். நீர்வர்ணத்தை முதலில் ஐதாகவே பூசுதல் வேண்டும். வெளிறியதைக் கடுமையாக்கலாம், கடுமையானதை வெளிறச்செய்தல் அரிது.

இனி, இராவணன் வெட்டு என வழங்கும் பிளவைக் குறித்து ஒரு வார்த்தை. பிள்ளைகள் அங்கே வாளேந்திய இராவணனை வரைய விரும்புவர். அவ்வரலாற்றை இகழாது சொல்லுக. அதற்குத் தனிப்படம் எழுதுவிக்க. ஆயத்தச் சித்திரத்திலோ கண்ட பிளவே இருத்தல் வேண்டும். கேட்டதையும் கண்டதையும் பிரித்தறியும் மாணாக்கன் இரண்டையும் மதிக்கக் கற்பான்.

நிறைந்த படத்திலே ஆலயத்தையும் அமைக்க. பாறையை முன்னரே அறிந்த கை அதனை உரிய இடத்திலே, உரிய அளவிலே வைக்கும்.