வீட்டிற்கு வந்த மருந்து

புற்றுநோய் மருந்து என்றவுடன் மருத்துவமனைக் கட்டிலும், தலைமாட்டில் தொங்கும் மருந்துப் புட்டியும், அருகில் நிற்கும் செவிலியுமே நம் நினைவிற்கு வருகின்றன. அக்காட்சி இன்றும் மறைந்துவிடவில்லை. ஆயினும், அதே நோய்க்குரிய மருந்துகளுட் சில மாத்திரை வடிவில் வீட்டு அலமாரிக்கே வந்துவிட்டன. அங்கே செவிலி இல்லை. அளவு பார்ப்பவரும், நேரம் பார்ப்பவரும், உடலில் நேரும் மாற்றத்தைக் கவனிப்பவரும் வீட்டாரே ஆவர்.

திருக்குறளில் 95ஆம் அதிகாரமான ‘மருந்து’, மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறது. நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து மருந்தளிப்பவர் என்பவையே அவை. நான்காமவரைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. இக்கட்டுரை அவருக்காகவே எழுதப்படுகிறது. ஏனெனில், விடுமுறை நாள்களில் அந்த நான்காமவர் பெரும்பாலும் நம்மைப்போன்ற மாணவரே அன்றோ?

என் பெரியம்மா மட்டாஞ்சேரியில் வாழ்கிறார். அவருக்குச் சூலகத்தில், அதாவது கருமுட்டை உருவாகும் உறுப்பில், புற்றுநோய் கண்டது. அறுவையும் ஊசிமருந்தும் முடிந்தன. இப்போது ஓலாபாரிப் என்னும் மாத்திரை நடைபெறுகிறது. மருந்தியல் பயிலும் எனக்கு, வகுப்பிற் படித்ததை வீட்டில் கண்டறிய ஒரு வாய்ப்பாயிற்று.

முதலில், இம்மருந்து செய்யும் வேலையைக் காண்போம். நம் உயிரணுக்களில் உள்ள மரபுப் பொருள் நாள்தோறும் பழுதடைகிறது, நாள்தோறும் செப்பனிடப்படுகிறது. சிறு முறிவுகளைச் சீர்செய்யத் துணைபுரிவது ‘பார்ப்’ என்னும் நொதி. பெரு முறிவுகளைச் சீர்செய்ய வேறு சில புரதங்கள் உண்டு, பி.ஆர்.சி.ஏ. என்னும் மரபணுக்கள் அவற்றுக்குக் காரணமானவை. சிலரது புற்றணுக்களில் இந்த இரண்டாம் வழி கெட்டிருக்கும். அந்நிலையில் மருந்து முதல் வழியையும் அடைத்துவிட்டால், புற்றணு தன் பழுதைத் தானே நீக்க வகையின்றி மடிகிறது. இக்கருத்தின் மேல் எழுந்த ஓலாபாரிப், 2014ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் சூலகப் புற்றுநோய்க்கு ஒப்புதல் பெற்றது. நிராபாரிப் 2017இல் ஒப்புதல் பெற்றது. பி.ஆர்.சி.ஏ. மாற்றம் தாய் தந்தை வழியே வரக்கூடியது. ஆகவே, சோதனையில் அது தெரியவந்தால் மகளிரும் மைந்தரும் மருத்துவரைக் கலந்துகொள்ளுதல் நலம்.

அடுத்து அளவு. ஓலாபாரிப் மாத்திரை 100 மில்லிகிராம், 150 மில்லிகிராம் என இரு வகையாக வருகிறது. வழக்கமான தொடக்க அளவு, காலையில் 300, மாலையில் 300 மில்லிகிராம். அதாவது 150 மாத்திரை நாளொன்றுக்கு நான்கு. சிறுநீரகம் தளர்ந்தவருக்கும், மருந்தைத் தாங்க இயலாதவருக்கும் மருத்துவர் அளவைக் குறைப்பதுண்டு. அப்போது இரு வகைப் புட்டிகளும் ஒரே வீட்டில் இருக்க நேரும். எண்ணிக்கையை மட்டும் நினைவில் வைப்போர் இங்கேதான் தடுமாறுவர். எனவே, எத்தனை மாத்திரை என்பதோடு, எத்தனை மில்லிகிராம் மாத்திரை என்பதையும் சேர்த்தே எழுதிவைக்க வேண்டும். முன்பு 50 மில்லிகிராம் குளிகையாகவும் இம்மருந்து வந்தது. அதன் கணக்கு வேறு. பழைய கணக்கை மாத்திரைக்குப் பொருத்தலாகாது.

ஒரு வேளை மறந்துபோனால், அடுத்த வேளை உரிய நேரத்தில் உரிய அளவே உண்ணவேண்டும். விட்டதையும் சேர்த்து இரட்டிப்பாக உண்ணல் கூடாது. உண்டபின் வாந்தி எடுத்தாலும் மறுபடி உண்ணவேண்டுவதில்லை. மாத்திரையை உடைத்தோ, பொடித்தோ, மென்றோ, நீரிற் கரைத்தோ கொடுக்கலாகாது, முழுதாகவே விழுங்கவேண்டும்.

உணவைப் பற்றியும் ஒரு சொல். ஓலாபாரிப்பைக் கல்லீரலிலும் குடலிலும் உள்ள ஒரு நொதி சிதைத்து வெளியேற்றுகிறது. அந்நொதி அடங்கினால் மருந்து இரத்தத்தில் மிகுந்து தீங்கு செய்யும். மிகையாக உழைத்தால் மருந்து குறைந்து பயனற்றுப்போகும். கிரேப்ஃப்ரூட் என்னும் பழம் இந்நொதியை அடக்கவல்லது; நம் பம்பளிமாசு அதன் நெருங்கிய உறவு. இவ்விரண்டையும் விலக்குதல் நன்று. கிளாரித்ரோமைசின், ஃபுளுகோனசோல் முதலிய மருந்துகளும் அவ்வாறே அடக்குவன. காசநோய்க்குரிய ரிஃபாம்பிசினும், வலிப்பிற்குரிய ஃபெனிடாயினும் இதற்கு நேர்மாறாக நொதியைத் தூண்டுவன. ஆதலின் சளிக்கும் படைக்கும் கடையில் தாமே மாத்திரை வாங்கும் பழக்கத்தை இந்நோயாளி கைவிட வேண்டும்.

மட்டாஞ்சேரி மிளகு மணக்கும் ஊர். மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பிப்பரின் என்னும் பொருளும் அதே நொதியைத் தடுப்பதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. இதனால் இரசத்தில் மிளகு சேர்க்கலாகாது என்று நான் கூறவரவில்லை. சமையலில் இடும் மிளகு வேறு. நாள்தோறும் கரண்டி கரண்டியாக உண்ணும் திரிகடுகச் சூரணமும், செறிவாக்கிய மாத்திரைகளும் வேறு. பின்னவற்றைத் தொடங்குமுன் மருத்துவரிடம் காட்டிக் கேட்கவேண்டும்.

இனி, கையாளும் முறை. இது உயிரணுக்களைத் தாக்கும் மருந்து. நோயற்றவர் உடம்பிற் படாதிருப்பதே நல்லது. எடுத்துக்கொடுப்பவர் கையுறை அணிந்து, பின் கைகழுவ வேண்டும். கருவுற்ற பெண்கள் தொடவே கூடாது. எங்கள் வீட்டில் அக்கா ஆறு மாதக் கர்ப்பிணி. ஆகவே மாத்திரை எடுத்துவைக்கும் பணி எனக்கும், நான் கல்லூரிக்குத் திரும்பியபின் பெரியப்பாவுக்கும் என ஏற்பாடாயிற்று. கொச்சியின் மழைக்கால ஈரம் மாத்திரைக்கு ஆகாது. வந்த புட்டியிலேயே இறுக மூடி, அடுப்பங்கரைக்கு அப்பால், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவேண்டும். மிஞ்சிய மாத்திரையைச் சாக்கடையிலோ காயலிலோ எறியாமல், வாங்கிய இடத்தில் கேட்டுத் திருப்பிக் கொடுப்பதே முறை.

உண்போர் பலருக்கு ஓங்கரிப்பும் களைப்பும் தோன்றும். அக்காவின் வளைகாப்பு நெருங்கியபோது பெரியம்மா என்னைத் தனியே அழைத்து, “பத்து நாள் நிறுத்தினா என்ன ஆயிரும்யா? பந்தியில நின்னு ஓங்கரிக்கவா?” என்று கேட்டார். அக்கேள்வியில் அறியாமை இல்லை. மகளின் மங்கல நாளில் நோயாளியாக நிற்க விரும்பாத தாயின் மனமே இருந்தது. நிறுத்துவதோ தொடர்வதோ நாமாக முடிவு செய்வதன்று என்று சொல்லி, மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. வாந்தி தடுக்கும் மாத்திரை ஒன்றை அரைமணி முன்னதாக உண்ணுமாறு எழுதிக்கொடுத்தார். ஓங்கரிப்பு முற்றும் நீங்கவில்லை. ஆனால் பெரியம்மா வளையல் அடுக்க நின்றார். கேட்க வெட்கப்பட்டு மறைவாக மருந்தை நிறுத்துவோர் இழப்பது எவ்வளவு என்பதை எண்ணிப் பாருங்கள்!

எல்லாத் துன்பமும் பொறுக்கத்தக்கதன்று. படியேறினால் மூச்சு வாங்குதலும் வெளிறிய முகமும் இரத்தச் சோகையின் குறிகள். 100.4 பாகைக்கு மேற்பட்ட காய்ச்சல், புதிதாக எழும் இருமல், மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம், காரணமற்ற இரத்தக்கசிவு இவை தோன்றினால் அன்றே மருத்துவரை அணுகவேண்டும். உடல் நன்றாகத் தோன்றினும் மாதந்தோறும் இரத்தப் பரிசோதனையைத் தவறவிடலாகாது. நிராபாரிப் உண்போர் தொடக்கத்தில் வாரந்தோறும் இரத்தமும் இரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விலைக்கு அஞ்சி, இரண்டு உண்ணவேண்டிய இடத்தில் ஒன்றை உண்டு நாள் கடத்துவோரும் உளர். அது சிக்கனமன்று; கொடுத்த பணத்தையும் வீணாக்குவது. கேரள அரசு 2024 ஆகஸ்டில், காருண்யா மருந்தகங்களின் வழியே புற்றுநோய் மருந்துகளை இலாபமின்றி விற்கும் திட்டத்தைத் தொடங்கியது. இத்தகைய உதவிகளைத் தேடிக் கேட்டறிவதும் நான்காமவர் கடமையே.

மட்டாஞ்சேரியில் கொங்கணி, குஜராத்தி, தமிழ், மலையாளம் எனப் பல மொழி பேசுவோர் அடுத்தடுத்து வாழ்கின்றனர். மருத்துவர் மலையாளத்திற் பேசுகிறார். புட்டியில் ஆங்கிலம் இருக்கிறது. பெரியம்மா படிப்பதோ தமிழ். ஆகவே ஒரு தாளில் மருந்தின் பெயர், மில்லிகிராம், வேளை, உடன் உண்ணும் பிற மருந்துகள், அவசரத்தில் அழைக்கவேண்டிய எண் ஆகியவற்றைத் தமிழில் எழுதி, மருத்துவரிடம் படித்துக் காட்டிச் சரிபார்த்து, அலமாரிக் கதவில் ஒட்டிவைத்தேன். அளவு மாறும்போது அத்தாளும் மாற்றப்படுகிறது.

நண்பர்களே, இதற்குப் பெரும் புலமை வேண்டுவதில்லை. ஒரு தாளும், எழுதுகோலும், அரைமணி நேரமும் போதும். உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ இத்தகைய மாத்திரை உண்பவர் இருப்பின், இவ்விடுமுறையிலேயே அதைச் செய்துகொடுங்கள்.