மருந்து தெளித்த ரோஜா கருகினால்...

பூச்சி போகணுமே என்று ரோஜாவுக்கு வேப்பெண்ணெய் தெளித்திருப்பீர்கள். இரண்டே நாளில் இலையெல்லாம் ஓரம் கருகிச் சுருண்டு நிற்கும். வேம்பைத் திட்டாதீர்கள். பெரும்பாலும் உச்சி வெயிலில் தெளித்ததும், கலவையில் துணி துவைக்கும் பவுடரைக் கொட்டியதும்தான் காரணம். எண்ணெய்ப் படலம் இலையின் நுண்துளைகளை அடைத்துவிடும். அதன்மேல் வெயிலும் ஏறினால் இலை வெந்துதான் போகும்.

அன்றே கவனித்தால் நல்ல தண்ணீரால் இலையின் இரு பக்கமும் கழுவிவிடுங்கள். கருகிய இலை மறுபடி பச்சையாகாது. அதற்காக எல்லாவற்றையும் உருவிப் போட்டுவிடாதீங்க! பாதி பச்சை இருந்தாலும் அந்த இலைதான் செடிக்குச் சோறு பொங்குகிறது. முழுக்கக் காய்ந்ததை மட்டும் எடுங்கள். தொட்டியை மதிய வெயில் படாத இடத்துக்கு நகர்த்துங்கள். மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர். உரம் இப்போது வேண்டவே வேண்டாம். காய்ச்சல்காரருக்கு யாராவது பிரியாணி கொடுப்பார்களா? தண்டு பச்சையாக இருந்தால் சில வாரங்களில் கணுவில் செந்தளிர் எட்டிப் பார்க்கும். அதன்பிறகு உரம் கொஞ்சமாகத் தொடங்கலாம்.

அடுத்த முறை லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், அது கலக்கக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். வெயில் தாழ்ந்த பிறகு ஒரு கிளையில் மட்டும் தெளித்து, 2 நாள் பாருங்கள்.

பன்னீர் ரோஜா இதழில் குல்கந்து போடுகிறவர்களுக்கு, வைத்தியனாக ஒரு வார்த்தை. கடையில் வாங்கிய ரசாயனப் பூச்சிமருந்து அடித்த செடியின் இதழ் வாய்க்கு ஆகாது. கழுவினால் போச்சு என்று நினைக்காதீங்க. செடிக்குள்ளேயே ஊடுருவி நிற்கும் மருந்துகளும் உண்டு. அந்தப் பூ சாமி படத்துக்குப் போகட்டும்; குல்கந்துக்கென்று மருந்தே படாத செடி ஒன்றைத் தனியாக வளருங்கள்.