தோட்டத்துக்கு வரும் குண்டுக்கரிச்சான்

அந்தமானில் வீட்டுத் தோட்டங்களுக்கு ஒரு பறவை வரும். அதன் தலையும் முதுகும் கறுப்பு. வயிறு வெள்ளை. இறக்கையிலும் வெள்ளைக் கோடு உண்டு. பெண் பறவை கறுப்பாக இராது. சாம்பல் நிறமாக இருக்கும். வாலை அடிக்கடி மேலே தூக்கும். இதுதான் குண்டுக்கரிச்சான். வண்ணாத்திக் குருவி என்றும் சொல்வார்கள்.

விடியற்காலையில் ஆண் பறவை உயரமான கிளையில் இருந்து பாடும். பிறகு தரையில் இறங்கித் தத்தித் தத்திப் போகும். புழு, பூச்சி, வெட்டுக்கிளிகளைப் பிடித்துத் தின்னும்.

மரப்பொந்திலும் சுவர் ஓட்டையிலும் கூடு கட்டும். 3 முதல் 5 முட்டைகள் வரை இடும். குஞ்சுகளுக்கும் பூச்சிதான் உணவு.

செடியில் புழுவைக் கண்டதும் நாம் பூச்சி மருந்து அடிக்கிறோம். மருந்து பட்ட புழுவைப் பறவை தின்னும். குஞ்சுக்கும் ஊட்டும். இரண்டின் உயிருக்கும் ஆபத்து. நமக்கு உதவும் பறவைக்கு நாமே நஞ்சு வைக்கலாமா?

எல்லாப் புழுவையும் பறவை தின்றுவிடாது. கத்தரித் தண்டுக்குள் இருக்கும் புழு அதற்கு எட்டாது. வாடிய நுனியை நாமே கிள்ளி எடுத்து எரித்துவிடலாம்.

நாளைக் காலையில் அரை மணி நேரம் தோட்டத்தைப் பாருங்கள். பறவை எத்தனை முறை இரை பிடித்தது? நோட்டில் எழுதுங்கள். மருந்து வாங்கும் முன் அதைப் படித்துப் பாருங்கள்.