மலையிடுக்கிற்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுமுன்

விடுமுறையில் தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளை நடைப்பயணம் அழைத்துச் செல்ல விரும்பும் பெற்றோர், ஆசிரியர்களுக்காகச் சில குறிப்புகளைத் தருகிறோம்.

மெல்பேணுக்கு மேற்கே, பக்கஸ் மார்ஷ் ஊருக்கு அப்பால் உள்ளது வெரிபீ மலையிடுக்கு. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் பனியாறுகள் சுமந்து வந்த கற்களை இங்கே காணலாம். அன்று ஆஸ்திரேலியாவும் இந்தியாவும் இலங்கையும் கோண்ட்வானா என்னும் ஒரே நிலம். ஒடிசாவின் தால்சேரிலும் அந்தப் பனியுகக் கற்கள் உண்டு. நம் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் வேறில்லை.

சுற்றுப்பாதை சுமார் 10 கி.மீ. ஓரிடத்தில் ஆற்றோரப் பாறையில் கம்பிவடத்தைப் பிடித்தே நடக்கவேண்டும். எனவே பொறுப்பாளர்கள் முன்னதாக ஒருமுறை நடந்து பார்ப்பது அவசியம்.

குடிநீர், தொப்பி, நல்ல சப்பாத்து, மழையங்கி ஒவ்வொருவருக்கும் வேண்டும். வரிசையின் முன்னும் பின்னும் பெரியவர் ஒருவர் நடக்க, தரிப்பிடந்தோறும் தலைகளை எண்ணுங்கள். பயணத் திட்டத்தை வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். பாம்பு கடித்தால் கடிவாயைக் கழுவாமல், கை அல்லது கால் முழுவதையும் அகன்ற பட்டியால் இறுகச் சுற்றி, அசையாதபடி கட்டுங்கள். பிள்ளையை நடக்கவிடாமல் 000 இலக்கத்தை அழையுங்கள்.

யாவற்றிலும் முக்கியமானது, எத்தனை மணிக்குத் திரும்புவது, ஆற்றில் நீர் எவ்வளவு ஏறினால் திரும்புவது என்பதை வீட்டிலேயே தீர்மானிப்பது. காட்டுத்தீ அபாய நாளில் புறப்படவே வேண்டாம். "இன்னும் கொஞ்சத் தூரம்" என்று பிள்ளைகள் கெஞ்சும்போது முடிவெடுப்பது கடினம். பாதியில் திரும்புவது தோல்வியன்று. மலை அங்கேயேதான் இருக்கும்.