கண்டாங்கிச் சேலை: வாங்கும்போதும் துவைக்கும்போதும்

சித்திரை வெயிலில் ஒரு நாள் கண்டாங்கி கட்டிப் பாருங்கள், பாலியஸ்டரைத் தொட மனம் வராது. கெட்டியான பருத்தி, வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும், துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும். காரைக்குடிப் பக்கத் தறிகளில் நெய்யப்படும் இந்தச் சேலைக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் ‘செட்டிநாடு காட்டன்’ என்ற பெயரில் விசைத்தறிச் சேலையும் கலப்பு நூல் சேலையும் கடைகளில் தொங்குகின்றன. கைத்தறி விலை கொடுத்து அவற்றை வாங்கி வந்தவர்கள் நிறையப் பேர். அசல் சேலையை வாங்கி, முதல் துவைப்பிலேயே கெடுத்தவர்களும் உண்டு.

செய்ய வேண்டியவை

• கைத்தறி முத்திரையைத் தேடுங்கள். மத்திய அரசு 2006-ல் கொண்டுவந்தது. ‘செட்டிநாடு’ என்று அச்சடித்த அட்டையை யாரும் ஒட்டலாம்.

• சேலையைப் புரட்டிப் பாருங்கள். சாய நூலில் நெய்த கட்டம் இரு பக்கமும் ஒரே அழுத்தமாக இருக்கும். அச்சடித்த கட்டம் பின்னால் வெளிறியிருக்கும்.

• கரையோரத்தைத் தடவிப் பாருங்கள். அகலம் சுருங்காமல் துணியை இழுத்துப் பிடிக்கும் குச்சியின் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரியும். இதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம், விசைத்தறித் துணியிலும் ஓரத்தில் தடம் விழும்.

• பில்லில் ‘கைத்தறி, பருத்தி’ என்று எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள்.

• முந்தியிலிருந்து பாவு நூல் ஒன்று, ஊடை நூல் ஒன்று உருவி, இடுக்கியில் பிடித்து எரித்துப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிந்த வாசனையோடு பொடிச் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டி உருண்டையாக நிற்கும். இரண்டையும் சோதிப்பது முக்கியம், கலப்படம் ஒன்றில் மட்டும் இருக்கலாம். உருண்டை வந்தால் அன்றைக்கே பில்லோடு கடைக்குப் போங்கள்.

• பிளவுஸ் துணியையும் ஃபாலையும் ஊறவைத்துக் காயவைத்த பிறகு தைக்கக் கொடுங்கள். இல்லாவிட்டால் முதல் துவைப்பில் பிளவுஸ் பிடிக்கும், ஃபால் சுருங்கிச் சேலையின் அடி சுருட்டிக்கொள்ளும்.

• முதல் சில முறை தனியாக, பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். அரக்கும் கறுப்பும் கொஞ்சம் சாயம் விடும். உப்புப் போட்டு ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று நம்பி மற்ற துணியோடு சேர்த்துவிட வேண்டாம்.

• உள்பக்கம் வெளியே வரும்படி நிழலில் உலர்த்துங்கள்; வெயிலில் நிறம் மங்கும்.

செய்யக்கூடாதவை

• இழை சற்றுத் தடித்திருக்கிறது, முடிச்சு தெரிகிறது என்று ஒதுக்காதீர்கள். கையால் நெய்தால் அப்படித்தான் வரும்.

• இரவு முழுக்க ஊறவைக்காதீர்கள். கரையின் சாயம் உடலில் ஏறிவிட்டால் அதை எடுக்க வழியில்லை.

• கஞ்சி போட்ட சேலையை மாதக்கணக்கில் பீரோவில் அடுக்காதீர்கள். கஞ்சிக்குப் பூச்சி வரும், விறைத்த மடிப்பில் இழை முறியும். அலசிக் கஞ்சியைப் போக்கி வையுங்கள். கட்டுவதற்கு முந்தின நாள் போட்டால் போதும்.

• ஒரே மடிப்பில் விடாதீர்கள். அவ்வப்போது மடிப்பை மாற்றுங்கள்.

• ரசகற்பூர உருண்டையைத் துணிமேல் நேரடியாகப் போடாதீர்கள், கறை படியும். வசம்பைத் துணியில் முடிந்து வையுங்கள்.

• விசேஷத்துக்கு என்று ஒளித்து வைக்காதீர்கள். இது தினமும் கட்டி உழைக்க நெய்த சேலை.

• தறிக்காரரிடம் அடித்துப் பேரம் பேசாதீர்கள். நீங்கள் பார்ப்பது ஒருவர் நெய்வதை மட்டும். அதற்கு முன் நூலுக்குச் சாயம் ஏற்றி, பாவு ஓட்டி, இழை இழையாகப் பிணைத்துத் தந்த வீட்டுப் பெண்களின் உழைப்பும் அந்த விலைக்குள்தான் இருக்கிறது. விசைத்தறி விலையைச் சொல்லி அவரைக் குறைக்க வைப்பது அநியாயம். விலை சரிதானா என்ற சந்தேகம் இருந்தால், நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலோ 1935 முதல் இயங்கும் கோ-ஆப்டெக்ஸிலோ அதே ரகத்தின் விலைச் சீட்டைப் பார்த்துவிட்டு வாங்கப் போங்கள்.